மார்சியாஸின் வாய்

பியாசேயை அந்த வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் நேப்பிள்ஸில் இன்றும் இருக்கிறார்கள். வரைந்த தொன் ஃபுல்வியோவின் பெயரைச் சொல்வார்கள், வாங்கிய ஜெனோவா வணிகரின் பெயரைச் சொல்வார்கள். அதில் தலைகீழாகத் தொங்குகிறவன் யார் என்று ஒருவரும் கேட்டதில்லை. அவன் என் தங்கை போர்சியாவின் புருஷன்.

எனக்குத் தொன் ஃபுல்வியோவின் ஓவியக்கூடத்தில் வண்ணம் அரைக்கிற வேலை. கல்லில் பொடியைக் கொட்டி, ஆளிவிதை எண்ணெய் விட்டு, விரலில் தடவினால் துளி நறநறப்பு இல்லாமல் போகும்வரை குழவியால் அரைக்க வேண்டும். இருபது வருஷம் அரைத்ததில் என் வலது தோள் இடதைவிடக் கனத்துவிட்டது. பார்த்து வரைவதற்கு ஆள் பிடித்துக் கொடுப்பதும் நான்தான். எங்கள் துறைமுகத்துக் கிழவர்களில் பாதிப் பேர் ஐயாவின் கூடத்தில் ஒருநாளாவது புனித பேதுருவாக நின்றவர்கள். ஒருவன் நாலு கோவில்களில் நாலு அப்போஸ்தலராக இருக்கிறான். குடித்துவிட்டு எந்தக் கோவிலுக்குள் நுழைந்தாலும் தன்னைத்தானே கும்பிட்டுவிட்டு வருவான்.

அந்த வருஷம் ஈஸ்டர் முடிந்த கையோடு ஐயா என்னைக் கூப்பிட்டார்.

"நுன்சியோ, எனக்கு ஒரு உடம்பு வேணும். கெழவன் வேண்டாம். முப்பது முப்பத்தஞ்சு வயசு. எலும்பும் சதையும் தனித்தனியாத் தெரியணும். தலைகீழாத் தொங்குறதுக்குத் தெம்பு இருக்கணும்."

எனக்கு உடனே பியாசேதான் ஞாபகத்துக்கு வந்தான். அவன் துறைமுகத்தில் கோதுமை மூட்டை இறக்குகிறவன். கல்யாணமாகி ஒன்பது வருஷத்துக்குப் பிறகு போர்சியா அப்போதுதான் முழுகாமல் இருந்தாள், நாலாம் மாசம். அதற்கு முந்தின வாரம் கப்பல் பலகை முறிந்து ஒருவன் மூட்டைகளுக்கு அடியில் நசுங்கிச் செத்திருந்தான். போர்சியா என் வீட்டு வாசலில் வந்து நின்று, "அண்ணா, இந்தப் பிள்ளை பொறக்குற வரைக்குமாவது அவருக்கு ஆபத்தில்லாத வேலையா ஒண்ணு பாரு" என்று கேட்டிருந்தாள். அவள் கேட்டதைச் செய்துகொடுக்கிறோம் என்ற சந்தோஷத்தோடுதான் நான் துறைமுகத்துக்குப் போனேன்.

பியாசே சாக்குத் தூசியோடு உட்கார்ந்து ரொட்டியும் வெங்காயமும் தின்றுகொண்டிருந்தான்.

"மாப்பிள்ளை, உனக்கு ஒரு வேலை பாத்திருக்கேன்."

"என்ன செய்யணும் மச்சான்?"

"சும்மா தொங்கணும்."

"அதுக்கு வைஸ்ராயே ஆள் வெச்சிருக்காரே. சந்தைத் திடல்ல ஓசியிலயே தொங்க விடுவாங்களாம்."

விஷயத்தைச் சொன்னேன். சிரித்தான். பாதி ரொட்டியை எனக்குப் பிய்த்துக் கொடுத்தான். மறுநாள் காலையில் முகத்தை மழித்துக்கொண்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றான். சட்டையைக் கழற்றத்தான் போகிறோம் என்பது அவனுக்குத் தோன்றவில்லை.

தொன் ஃபுல்வியோ அவனைச் சுற்றி வந்து பார்த்தார். விலா எலும்பைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அவனை ஒரு முக்காலியில் உட்காரவைத்து, வரையப் போவது என்ன கதை என்பதைச் சொன்னார். ஆட்களிடம் கதை சொல்லாமல் அவர் ஒருநாளும் வரையமாட்டார். அந்த வகையில் மரியாதை தெரிந்த மனிதர்.

"மார்சியாஸ்னு ஒருத்தன். முழங்காலுக்குக் கீழ ஆடு, மேல மனுஷன். கிரேக்க நாட்டுக் காட்டுல இருந்தவன். யாரோ வீசிட்டுப் போன குழலை எடுத்து ஊதிப் பழகினான். நல்லாத்தான் ஊதினான். அந்தத் தெம்புல அப்பொல்லோ தேவனையே போட்டிக்கு இழுத்துட்டான். ஜெயிச்சவன் தோத்தவனை என்ன வேணாலும் செய்யலாம்னு பேச்சு. தேவன் ஜெயிச்சான்."

"ஜெயிச்சு என்ன செஞ்சான்?"

"மரத்துல தலைகீழாக் கட்டி உயிரோட தோலை உரிச்சான்."

"ஒரு பாட்டுக்கா?" என்றான்.

"ஒரு பாட்டுக்கு."

"எங்க துறைமுகத்துல சூதாடித் தோத்தா சட்டையைத்தான் உருவுவாங்க. சாமிங்களுக்குக் கோவம் கொஞ்சம் ஜாஸ்திதான்."

ஐயா வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

கூடத்தின் குறுக்கு உத்தரத்தில் கப்பி மாட்டினோம். பியாசேயின் கணுக்கால்களில் ஆட்டுத்தோலைச் சுற்றி, அதன்மேல் கயிறு கட்டி, நான் இழுத்து உயர்த்துவேன். தலையும் ஒரு தோளும் மட்டும் தரையில் விரித்த கம்பளத்தைத் தொடும். கைகள் இரண்டும் விரிந்து பக்கத்துக்கு ஒரு முளையில் கட்டியிருக்கும். கயிற்றின் நுனியை நான் இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பக்கத்தில் மணற்கடிகாரம். அரைக் கடிகாரம் மணல் இறங்கியதும் அவனை இறக்கி, தண்ணீர் கொடுத்து, காலைத் தேய்த்துவிடுவேன். பிறகு மறுபடியும்.

"உடம்புக்கு ஏதாவது செஞ்சா 'போதும்'னு ஒரு வார்த்தை சொல்லு மாப்பிள்ளை. கடிகாரத்தையெல்லாம் பாக்கமாட்டேன், உடனே இறக்கிடுவேன்," என்று நான் முதல் நாளே சொன்னேன்.

"மூணு மூட்டையைத் தோள்ல வெச்சுட்டே நான் 'போதும்' சொன்னதில்ல மச்சான்."

முதல் வாரம் கலகலப்பாகவே போனது. தலைகீழாகத் தொங்கிக்கொண்டே துறைமுகத்துப் பாட்டெல்லாம் பாடுவான். பாடினால் வயிறு குலுங்குகிறது என்று ஐயா அதட்டுவார். மத்தியானம் ஐயாவின் வீட்டிலிருந்து கோஸ்கீரையும் பன்றித் தோலும் போட்டு வேகவைத்த சாறு வரும். பெரிய கிண்ணம். பியாசே அதை ரொட்டியால் வழித்துத் தின்றுவிட்டு, மூட்டை தூக்கியபோது இப்படிச் சாப்பிட்டதில்லை என்பான். போர்சியாவின் முகமும் தெளிந்திருந்தது.

இரண்டாம் வாரத்தில் தலைவலி தொடங்கியது. கூடத்திலிருந்து வெளியே வந்தால் வெயில் ஆகாது, கையால் கண்ணை மறைத்துக்கொண்டு சுவரோரமாக நடப்பான். கண்ணின் வெள்ளையில் ரத்தம் கட்டியிருந்தது. ஒருநாள் படி இறங்கும்போது வலது கால் மரத்துப்போய்த் தடுமாறினான்.

"என்ன மாப்பிள்ளை?"

"ஒயின் குடிக்காமலே ஏறுது. இதுவும் லாபம்தானே," என்றான். பிறகு என் கையைப் பிடித்து, "போர்சியாகிட்ட சொல்லிடாத. வயித்துப்பிள்ளைக்காரி, பயப்படுவா."

நான் சொல்லவில்லை.

ஐயாவிடம் சொன்னேன். அவருக்கு அப்போது வேறு கவலை. உடம்பு முழுவதும் வந்துவிட்டது. தொங்கும் தொடை, இழுபடும் விலா, கழுத்து நரம்பு எல்லாம் வந்துவிட்டன. கத்தியோடு குனிந்திருக்கும் அப்பொல்லோவும், வேறொரு ஆளைப் பார்த்து வரைந்து, எப்போதோ முடிந்திருந்தான். மார்சியாஸின் வாய் மட்டும் வரவில்லை. வரைந்து வரைந்து சுரண்டினார்.

"கத்துறவன் மாதிரி வாயைத் தொறக்கிறான் நுன்சியோ. நெஜமாக் கத்துறவன் வாய் இப்படி இருக்காது. இவனுக்கு வலியே தெரியாதா?"

"தெரியுது ஐயா. கண்ணைப் பாருங்க, ரத்தமாக் கெடக்கு. நாலு நாள் விட்டுப் பிடிப்போம்."

அவர் என் தோளில் கை வைத்தார். "நீ சொல்றது சரி. இன்னிக்கு ஒருநாள் மட்டும். நாளைக்கு வெள்ளிக்கிழமை, வீட்டுக்கு அனுப்பிடு. திங்கக்கிழமை வரட்டும்."

அரைக் கடிகாரம் என்பது அதற்குள் முழுக் கடிகாரமாகியிருந்தது. எப்போது அப்படி ஆனது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஒருநாள் கொஞ்சம், மறுநாள் இன்னும் கொஞ்சம்.

அந்த வியாழக்கிழமை மத்தியானத்துக்கு முன்னால் மூன்றாவது தடவையாக அவனை ஏற்றினேன். மேல் ஜன்னலிலிருந்து வெளிச்சம் நேராக அவன் முகத்தில் விழுந்தது. அவன் பாடவில்லை. மணல் முக்கால்வாசி இறங்கியிருக்கும். அவன் முகம் ஒரு பக்கமாக நழுவுவதைப் பார்த்தேன். மெழுகு இளகுவது மாதிரி வலது கன்னமும் உதடும் தளர்ந்தன. வாய் கோணித் திறந்தது. வலது கை கயிற்றில் துணி மாதிரித் தொங்கியது. கண் என்னைத் தேடியது.

"போ..." என்றான். பிறகு, நாக்குத் தடித்துப்போய், "போதும்."

நான் இடுப்புச் சுற்றை அவிழ்க்கப் போனேன்.

"பொறு," என்றார் தொன் ஃபுல்வியோ.

கோபமாகச் சொல்லவில்லை. தூங்கும் குழந்தையின் பக்கத்தில் பேசுகிற குரலில் சொன்னார். தூரிகை அதற்குள் படத்துணியில் ஓடிக்கொண்டிருந்தது. "கொஞ்சம் பொறு நுன்சியோ. அசையாத. அந்த வாயைப் பாரு, அந்தக் கையைப் பாரு."

நான் பொறுத்தேன்.

எவ்வளவு நேரம் என்று பிற்பாடு பாவசங்கீர்த்தனத்தில் பாதிரியார் கேட்டபோது, மூன்று 'அருள் நிறைந்த மரியே' சொல்லும் நேரம் என்றேன். அது பொய். மீதி மணல் முழுவதும் இறங்கி முடிந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டேதான் நின்றேன். பியாசே அதற்குள் எத்தனை தடவை அந்த வார்த்தையைச் சொன்னான் என்று நான் எண்ணவில்லை. கயிறு என் கையில்தான் இருந்தது. யாரும் என் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. இருபது வருஷம் ஒருவர் பொறு என்றால் பொறுத்தும், அரை என்றால் அரைத்தும் பழகிய கை. இதைத் தவிர எனக்கு வேறு பதில் கிடையாது, இது ஒரு பதிலும் அல்ல.

பிறகு இறக்கினோம். ஐயாவே ஓடிவந்து அவன் தலையைத் தாங்கினார். நாவிதரைக் கூட்டிவந்து, வைத்தியமாகக் கை நரம்பைக் கீறி ரத்தம் எடுத்தார்கள். துறைமுகத்திலிருந்து நாலு பேரை வரவழைத்து அவனைப் பலகையில் வைத்துத் தூக்கிக்கொண்டு மேட்டுச் சந்து வழியாக வீட்டுக்குப் போனோம். நாலு பேருக்கும் மூச்சு வாங்கியது, அவ்வளவு கனம்.

போர்சியா வாசலில் நின்றிருந்தாள். "என்னண்ணா ஆச்சு?"

"தொங்கிட்டிருந்தப்போ திடீர்னு வந்துடுச்சு. பாத்த உடனே இறக்கிட்டோம்," என்றேன்.

அவள் என் கையைப் பிடித்து முத்தமிட்டாள். நான் பக்கத்தில் இருந்தது கடவுள் செயல் என்றாள்.

பியாசே சாகவில்லை. வலது பக்கம் முழுவதும் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது, ஒரே ஒரு வார்த்தையைத் தவிர. அந்த ஒரு வார்த்தை மட்டும் நாக்கில் மாட்டிக்கொண்டுவிட்டது. தண்ணீர் வேண்டுமென்றாலும் "போதும்." படுக்கை நனைந்தாலும் "போதும்." ஜன்னலில் புறா உட்கார்ந்தால் அதைக் காட்டி "போதும்." சில நாள் அவனுக்கே அது தெரிந்து, சரியான வார்த்தையைத் தேடுகிறவன் மாதிரி வாயை அசைத்து அசைத்துப் பார்ப்பான். கடைசியில் அதுவேதான் வரும். அப்போது இடது கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் வழியும்.

போர்சியா அவனைப் பார்த்துக்கொண்ட மாதிரி நான் எவரையும் பார்த்ததில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அவன் முதுகைத் தன் வயிற்றில் சாய்த்து, தலையைத் தன் நெஞ்சில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு மேலிருந்து குனிந்து ஊட்டுவாள். மல்லாக்கப் படுக்கவைத்து ஊட்டினால் புரையேறியது. வயிற்றுக்குள் பிள்ளை உதைக்கும்போது அவன் முதுகில் படும். அவன் இடது கையைப் பின்னால் வளைத்து அந்த இடத்தைத் தொடுவான். கொண்டைக்கடலையை மசித்துச் சாறாக்கி மரக்கரண்டியால் கொடுப்பாள். நாலு வாய், ஐந்து வாய். "போதும்" என்பான். அவள் கிண்ணத்தை எடுத்துவிடுவாள். மற்ற எதற்கும் பொருந்தாத அந்த வார்த்தை சாப்பாட்டுக்கு மட்டும் பொருந்தியது, அதனால் அவள் நம்பினாள்.

"கொஞ்சமாத்தான் எறங்குது அண்ணா. திணிச்சா புரையேறிடும்னு பயமா இருக்கு," என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பூசைக்குப் போயிருந்தபோது நான் ஊட்டினேன். ஐந்தாவது வாய்க்கு "போதும்" என்றான். நான் நிறுத்தவில்லை. அடுத்த வாயைக் கொண்டுபோனேன், வாங்கிக்கொண்டான். கிண்ணம் காலியாகும்வரை வாங்கிக்கொண்டான். ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் அந்த வார்த்தையைச் சொன்னான், சொல்லிவிட்டு வாயைத் திறந்தான். காலிக் கிண்ணத்தை இடது கையால் தன் பக்கம் இழுத்தான்.

அன்றைக்கே நான் போர்சியாவிடம் சொல்லியிருக்க வேண்டும். அவர் சொல்றது அந்த அர்த்தத்துல இல்லம்மா, நீ பாட்டுக்கு ஊட்டு என்று ஒரே ஒரு வாக்கியம். ஆனால் உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பாள். அந்த வார்த்தை ஏன் மாட்டிக்கொண்டது என்று கேட்பாள். எனக்குப் பயம். அதனால் நான் வேறு வழி பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைதோறும், முடிந்தால் வாரத்தில் இன்னொரு நாளும், அவள் இல்லாத நேரமாகப் போய் நானே ஊட்டினேன். மற்ற நாளெல்லாம் அவன் நாலு வாயோடு கிடந்தான். அதை நான் தெரிந்தேதான் விட்டேன்.

செப்டம்பரில் பெண் பிறந்தது. ஓர்சோலா என்று பெயர் வைத்தார்கள். குழந்தையை அவன் இடது கையில் வைத்தபோது அவன் அதன் முகத்தைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னான். பக்கத்து வீட்டுப் பெண்கள் சிரித்தார்கள். "ஒண்ணு போதுமாம், கேட்டுக்கோ போர்சியா," என்றார்கள். போர்சியாவும் சிரித்தாள். வெகு நாளைக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள்.

அவன் கரைந்துகொண்டே போனான். தோளெலும்பு கூடாரக் குச்சி மாதிரி நின்றது. அவளும் பால்கொடுக்கிறவள், இராத்திரி பகல் விழித்தவள், என்ன செய்வாள். பிப்ரவரியில், சாம்பல் புதனுக்கு நாலு நாள் முன்னால், காலையில் அவன் எழவில்லை. அடக்கத்துக்கு நானும், ஏழைகளை அடக்கம் செய்யும் சகோதர சபையைச் சேர்ந்த இன்னொருவரும் மட்டும் தூக்கினோம். சிரமமே இல்லை.

படம் அதற்குள் எப்போதோ முடிந்து ஜெனோவா வணிகரின் வீட்டுக்குப் போயிருந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் அந்த வாயைப் பற்றித்தான் பேசினார்கள். ஸ்பெயின் நாட்டுப் பிரபு ஒருவர் அதன் எதிரே நின்று கைக்குட்டையை எடுத்தாராம். தொன் ஃபுல்வியோவுக்கு மாட்ரிட்டிலிருந்தெல்லாம் கடிதம் வந்தது.

ஜூனில் நற்கருணைத் திருவிழா வந்தது. ஊர்வலம் போகும் தெருக்களில் பெரிய வீட்டுக்காரர்கள் தங்கள் பட்டுத் திரைகளையும் படங்களையும் வெளியே தொங்கவிடுவார்கள், முற்றத்தைத் திறந்துவிடுவார்கள், யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். ஜெனோவா வணிகரும் முற்றத்து வளைவின் கீழே தன் படங்களை வைத்தார். வாசலுக்கு நேரே புனிதர்கள். உள்ளே தள்ளி மார்சியாஸ்.

போர்சியா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "அவரைப் பாக்கணும் அண்ணா."

"கூட்டமா இருக்கும். வெயில் வேற. புள்ளைக்கு ஆகாது."

"அவர் மொகம் எனக்கு மறந்துபோயிடுமோன்னு இருக்கு. நல்லா இருந்தப்போ இருந்த மொகம். அது அந்தப் படத்துல இருக்கும்ல. இவளுக்கும் காட்டணும்."

கூட்டிக்கொண்டு போனேன்.

முற்றம் நிறைய ஜனம். எலுமிச்சைத் தண்ணீர் விற்கிறவன்கூட உள்ளே வந்திருந்தான். படத்தின் எதிரே ஒரு கசாப்புக்காரன் தன் மனைவிக்கு, அப்பொல்லோ கத்தி பிடித்திருக்கிற விதம் தப்பு என்று விளக்கிக்கொண்டிருந்தான். ஒரு கிழவி சிலுவைக் குறி போட்டுவிட்டு, "எந்தப் புனிதர்ப்பா இவரு, பாவம்" என்று கேட்டாள். போர்சியா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றாள்.

முதலில் உடம்பைப் பார்த்தாள். தொடையை, விலாவை, தோளை. அவள் முகம் மலர்ந்தது. குழந்தையின் காதில், "அப்பா பாரு, அப்பா எவ்வளவு பலசாலி பாரு" என்றாள். பிறகு பார்வை கீழே இறங்கியது.

மற்றவர்கள் எல்லாரும் அந்தத் தலைகீழ் முகத்தைப் பார்க்கக் கழுத்தைச் சாய்த்தார்கள். அவள் சாய்க்கவில்லை. எட்டு மாதத்துக்கு மேல் அவள் அந்த முகத்தை மேலிருந்து குனிந்து, தலைகீழாகத்தான் பார்த்திருந்தாள். கரண்டி போகும் வழி, எச்சில் வழியும் ஓரம், தொங்கிய உதடு எல்லாம் அவளுக்கு அந்தக் கோணத்தில்தான் பழக்கம்.

வெகுநேரம் நின்றாள். குழந்தை சிணுங்கியது, அவள் கவனிக்கவில்லை.

"அண்ணா."

"சொல்லும்மா."

"இது நல்லா இருந்தப்போ இருந்த மொகம் இல்ல."

அவள் படத்தை நோக்கி விரலை நீட்டினாள்.

"இது விழுந்த பொறகு இருந்த வாய். வலது பக்கம் தொங்குது. கை பாரு, செத்த கை." குரலை உயர்த்தவே இல்லை. "பாத்த உடனே இறக்கிட்டோம்னு சொன்னியே."

"போர்சியா..."

"கயிறு யார் கையில இருந்துச்சு?"

"என் கையில."

"அவர் ஒண்ணும் சொல்லலியா? இறக்குன்னு கேக்கலியா?"

அங்கே நின்று என்னால் இன்னொரு பொய் சொல்ல முடியவில்லை. "கேட்டார்."

"என்னன்னு கேட்டார்?"

நான் சொன்னேன். முதல் நாள் நாங்கள் பேசிவைத்துக்கொண்ட வார்த்தை அது என்பதையும் சொன்னேன்.

கணக்குப் போடுகிறவள் மாதிரி அவள் உதடு அசைந்தது. பிறகு குழந்தையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"அப்போ சாப்பாட்டைச் சொல்லல."

"இல்லம்மா."

"நான் ஒவ்வொரு தடவையும் கிண்ணத்தை எடுத்துட்டேன்."

அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பசியோடயே இருந்திருக்காரு. நான் பக்கத்துலயே உக்காந்திருந்தேன், அடுப்புல சாறு இருந்துச்சு, அவர் பசியோடயே இருந்திருக்காரு." என்னைத் திரும்பிப் பார்த்தாள். "உனக்குத் தெரியுமா அண்ணா? அப்பவே தெரியுமா?"

நான் தலையாட்டினேன்.

அவள் என்னை அடித்திருக்கலாம். அங்கேயே உட்கார்ந்து அழுதிருக்கலாம், கூட்டம் எங்களைச் சூழ்ந்திருக்கும். அவள் எதுவும் செய்யவில்லை. எலுமிச்சைத் தண்ணீர்காரனை விலக்கிக்கொண்டு, வாசல் வழியாக, மணியடித்துக்கொண்டு வரும் ஊர்வலத்துக்கு எதிர்த்திசையில் நடந்து போனாள். நான் பின்னால் போனேன். சந்து முனையில் திரும்பி நின்று, "வராத" என்றாள். அந்த வாரமே பாத்திர பண்டங்களைப் படகில் ஏற்றிக்கொண்டு பியாசேயின் உறவுக்காரர்கள் இருக்கும் புரோச்சிதா தீவுக்குப் போய்விட்டாள்.

நான் தொன் ஃபுல்வியோவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் தூரிகையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். பிறகு துடைப்பதை நிறுத்திவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார்.

"அந்த வாய் எப்போ வரைஞ்சதுன்னு தெரிஞ்சுடுச்சா அவளுக்கு?"

"தெரிஞ்சுடுச்சு ஐயா."

அவர் அழுதார். நடிப்பு இல்லை, எனக்கு அவரைத் தெரியும். கொஞ்ச நேரம் கழித்து, "உன்கிட்ட ஒண்ணு சொல்றேன் நுன்சியோ," என்றார். "அன்னிக்குத் தூரிகையைக் கீழ போட்டுட்டு ஓடி வந்திருக்கணும்னு எனக்குத் தோணணும். தினமும் உக்காந்து யோசிக்கிறேன். தோண மாட்டேங்குது. திரும்ப அதே நாள் வந்தாலும் நான் வரைஞ்சிருப்பேன். இதுக்கு எந்தப் பாதிரியார்கிட்ட போய் மன்னிப்புக் கேக்கறதுன்னு தெரியல."

கல்லில் பாதி அரைத்த வெள்ளை காய்ந்துகொண்டிருந்தது. போய் எண்ணெய் விட்டு அரைத்தேன். மறுநாளும் போனேன். வேறு வேலை எனக்குத் தெரியாது என்று சொல்லிக்கொள்கிறேன். வேறு வேலை தேடியதில்லை என்பதுதான் உண்மை.

கிறிஸ்துமஸ்தோறும் படகுக்காரனிடம் விலாங்கு மீனும் தேன் பலகாரமும் கொடுத்து அனுப்புவேன். மறு படகில் பிரிக்காமல் திரும்பி வரும். நாலாம் வருஷம் நிறுத்திவிட்டேன்.

அவள் தீவுக்குப் போய் எட்டு வருஷம் கழித்து, போன மே மாதம், ஐயாவுக்காக ஒரு கோவில் படத்தைத் தீவில் சேர்ப்பித்துவிட்டு வரும் வேலை வந்தது. வேறு ஆளை அனுப்பியிருக்கலாம். நானே போனேன். வேலை முடிந்ததும் விசாரித்துக்கொண்டு மேட்டுத் தெருவுக்கு ஏறினேன். வீட்டு முன்னால் போர்சியா வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தாள். தலை நரைத்திருந்தது. பக்கத்தில் ஒரு சிறுமி, பியாசேயின் அகலமான நெற்றி.

அவள் என்னைப் பார்த்தாள். அடையாளம் தெரிந்துவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது. கை மட்டும் ஒரு கணம் வலையில் நின்றது.

நான் ஏறிவந்த மூச்சு வாங்கலோடு நின்றேன். எதை எதையோ சொல்ல வேண்டும் என்று படகில் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன்.

அவள் எழுந்து உள்ளே போய் ஒரு குவளையில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"குடிங்க," என்றாள். "மேடு ஏறி வந்திருக்கீங்க."

பிறந்ததிலிருந்து அவள் என்னை 'நீ' என்றுதான் கூப்பிடுவாள். நான் குடித்தேன். நல்ல குளிர்ந்த தண்ணீர். குவளையைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் என் விரல் படாமல் வாங்கிக்கொண்டாள்.

"யாரும்மா இவரு?" என்று சிறுமி கேட்டாள்.

"நேப்பிள்ஸ்லேர்ந்து வந்தவரு. வழி தவறி வந்துட்டாரு," என்றாள் போர்சியா. பிறகு என்னைப் பார்த்து, "துறைமுகத்துக்கு அந்தப் பக்கமா எறங்கணும். வெயில் ஏறுறதுக்குள்ள போயிடுங்க. மத்தியானத்துக்கு அப்புறம் படகு கிடையாது."

அவள் காட்டிய பக்கமாக நான் இறங்கினேன். படகு கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. கயிற்றுச் சுருள்களின்மேல் உட்கார்ந்து காத்திருந்தேன்.